செந்நிறக் கேப்பும் கஞ்சித் துணியும்: போர்க்கால நர்ஸ் சீருடை பற்றிக் கேள்வி பதில்

குன்னூர்ப் பக்கம் சில நண்பர்கள் சேர்ந்து, இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ மருத்துவமனை ஒன்றை மேடையில் அல்லாமல் திறந்த வெளியில் நடித்துக் காட்டப் போகிறோம். உடுப்புப் பொறுப்பு என் தலையில். சந்தேகங்களைக் கேளுங்கள் என்று சொன்னதும் ஊட்டியிலிருந்து கூடலூர் வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. மனத்துக்குப் பிடித்த கேள்விகளுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரி ஆசிரியை ஒருவர்: மாணவிகள் எட்டுப் பேரை நர்ஸாக நிறுத்துகிறோம். எட்டுப் பேருக்கும் தோளை மூடும் சிவப்புக் கேப் தைத்துவிடலாமா?

கூடாது. முதலில் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள்: எந்த வருடம், எந்த ஊர், எந்தப் பணி. இந்த மூன்றும் தெரியாமல் துணிக்கடைக்குப் போனால் பணம் வீண்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் நிரந்தர நர்ஸ் பணி 1902-இல் அலெக்சாண்ட்ரா அரசியின் பெயரில் தொடங்கியது. சாம்பல் நிற கவுன், வெள்ளைத் தலைத்துணி, தோளில் செக்கச் செவேலென்ற குட்டைக் கேப். படங்களில் எல்லோரும் பார்த்து மயங்குவது இதைத்தான். ஆனால் முழுச் சிவப்புக் கேப் நிரந்தரப் பணியில் இருந்தவர்களுக்கு மட்டும். போருக்காகச் சேர்க்கப்பட்ட ரிசர்வ் நர்ஸ்களின் கேப் சாம்பல் நிறம். ஓரத்தில் மட்டும் சிவப்புப் பட்டை. 1914-இல் நிரந்தர நர்ஸ்கள் முந்நூறுக்கும் குறைவு. முதல் உலகப் போர் முடியும்போது ரிசர்வையும் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். போர்க்கால வார்டு என்றால் யார் அதிகம் இருந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கு முழுச் சிவப்பு, ஏழு பேருக்குச் சாம்பலும் சிவப்பு ஓரமும். அந்த ஒருத்தி உயரமான பெண்ணாக இருந்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

ஊட்டியிலிருந்து: ஏப்ரன் மார்பில் சிவப்புச் சிலுவை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

இருக்கவே கூடாது. சிவப்புச் சிலுவை சட்டப் பாதுகாப்பு உள்ள சின்னம். 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் அபராதம், சின்னம் போட்ட பொருளும் பறிமுதல். நாடகம்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சண்டை நடக்கிற இடத்தில் 'இவர்களைச் சுடாதே' என்று சொல்வதற்காக உள்ள குறி அது. அலங்காரமாக்கினால் அதன் மரியாதை தேய்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே சொன்ன ராணுவ நர்ஸ்களின் ஏப்ரனில் சிலுவையே கிடையாது. அதைத் தைத்துக்கொண்டவர்கள் 1909-இல் தொடங்கிய செஞ்சிலுவைத் தொண்டர் அணிப் பெண்கள். அவர்களுடைய கவுன் நீலம். ராணுவ நர்ஸின் கேப்பில் வலப்புறம் குத்தியிருந்த பேட்ஜில் இருப்பது டென்மார்க் நாட்டுச் சிலுவை, அலெக்சாண்ட்ரா பிறப்பால் டென்மார்க் இளவரசி என்பதால். ஆகவே வெறும் வெள்ளை ஏப்ரன் போடுங்கள். சட்டமும் சரி, சரித்திரமும் சரி.

அருவங்காட்டிலிருந்து: தலைத்துணி நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரத்தில் முயல் காதுபோலத் தொங்கிவிடுகிறது.

இது நல்ல கேள்வி. முதல் காரணம் துணி. பாலியெஸ்டர் கலந்த துணியில் கஞ்சி பிடிக்காது. பழைய வேட்டி அளவுக்கு மெல்லிய, நெருக்கமான பருத்தி வேண்டும். கேம்பிரிக் கிடைத்தால் உத்தமம். ஒரு கஜத்துக்குக் குறையாத சதுரமாக வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, மடிப்பு ஓரத்தை இரண்டு விரல் அகலம் திருப்பி நெற்றியில் பட்டையாக வையுங்கள். இரு முனைகளையும் பின்கழுத்தில் முடியின் கீழே சேர்த்து ஊக்குப் போடுங்கள். மூன்றாவது முனை தானாக முதுகில் விழும்.

இரண்டாவது காரணம் கஞ்சி. சாதம் வடித்த கஞ்சியை அப்படியே ஊற்றாதீர்கள், திட்டுத் திட்டாகக் காயும். தண்ணீர் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, துணியில் வடிகட்டி, அதில் முக்கிப் பிழியுங்கள். முக்கால் பங்கு காய்ந்ததும், கையில் ஈரம் தட்டும்போதே இஸ்திரி போட வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு போட்டால் அப்பளம்தான்.

மூன்றாவது காரணம் நம் ஊர். நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கினால் அரிசிக் கஞ்சி ஈரத்தை இழுத்துக்கொண்டு துவண்டுவிடும். வீட்டிலேயே கட்டிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். தகரப் பெட்டியில் தட்டையாக வைத்து எடுத்துப்போய், நிகழ்ச்சிக்குச் சற்று முன் கட்டுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி இருக்கட்டும். முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போலாகும்.

குன்னூரிலிருந்து: ஊட்டி திபெத்தியர் சந்தையில் சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன். போடலாமா?

குளிருக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வேடத்துக்கு வேண்டாம். அங்கே விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக். அந்த நூல் சந்தைக்கு வந்ததே போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். டெரிலின் என்கிற பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தது 1941. அதுவும் போருக்குப் பிறகே கடைக்கு வந்தது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: கையில் எண்ணெய் விளக்கு கொடுக்கலாமா, நைட்டிங்கேல் அம்மையார் போல?

அவர் இருந்தது 1853-இல் தொடங்கிய கிரிமியப் போர்க் காலத்தில். நாம் செய்வது 1944. மேலும் அவர் கையில் இருந்தது அலாவுதீன் விளக்கும் அல்ல. துருக்கியரின் மடிப்பு லாந்தர்.

கொடைக்கானலிலிருந்து: ராணுவ நர்ஸாகச் சேர என்ன படிக்க வேண்டும்?

தாராளமாகச் சேருங்கள், வாழ்த்துகள். விவரங்களை இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பில் பாருங்கள். இங்கே பழைய உடுப்பு மட்டும்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: சிலுவையைச் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சில் போட்டால்?

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் நல்ல வழக்கறிஞராக வருவீர்கள். சின்னத்தைப் பார்த்து மயங்கும்படி எதைப் போட்டாலும் தப்புத்தான்.

கூடலூரிலிருந்து: அக்கா, எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நேதாஜியின் படையில் சேர்ந்து காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டு வெள்ளைக்காரிக்கு ஏன் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

தம்பி, உறைக்கிற மாதிரி கேட்டுவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன், இது செய்ய வேண்டிய காட்சி.

நேதாஜியின் ராணுவத்தில் பெண்களுக்கென்று அமைந்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியது. சேர்ந்தவர்களில் மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் ஏராளம். இந்தியாவையே கண்ணால் பார்க்காதவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நர்ஸ் பயிற்சி கொடுத்துச் சாந்த் பீபி நர்ஸிங் அணி என்று பெயர் வைத்தார்கள். பர்மாவில் மேமியோ மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். படைத்தலைவி லட்சுமி சுவாமிநாதனை நர்ஸ் என்று எழுதுகிறவர்கள் உண்டு; அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்ற டாக்டர். தயவுசெய்து அவருக்குத் தலைத்துணி கட்டிவிடாதீர்கள். அணிவகுப்புப் படங்களில் இருப்பது காக்கிச் சட்டை, குதிரைக்காரர் பாணிக் கால்சட்டை, சாய்த்து வைத்த துணித் தொப்பி.

சேலையைத் தவிர வேறு உடுத்தாத பெண், கால்சட்டையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அணிவகுப்பில் முதல் அடி எடுத்து வைக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நடிக்கிற பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்? தைப்பதும் சுலபம். கஞ்சித் தொல்லை கிடையாது.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ வீரர்: இங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. எங்கள் முன்னோர்கள் நேதாஜியின் படையை எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்தவர்கள். இரண்டையும் ஒரே திடலில் வைப்பது அவமரியாதை.

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. இரு தரப்பையும் ஒரே காட்சியில் நிறுத்திக் கடைசியில் கைகுலுக்க வைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் தனி நாளில், தனிக் காட்சியாகச் செய்வதில் அவமரியாதை எங்கே வருகிறது? இம்பால் பக்கம் ஒரே மழையில், ஒரே மலேரியாவில் இரண்டு பக்கமும் தமிழர்கள் கிடந்தார்கள்.

மறுபடி கூடலூர்: அப்படியானால் முதல் நாள் யாருக்கு?

இதற்குப் பிறகு வந்தவற்றில் பாதி இந்தச் சண்டைதான். ஒருவர் 'துரோகிகள்' என்று எழுதினார், இன்னொருவர் 'அடிமைகள்' என்று எழுதினார். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். சம்பளத்துக்குச் சேர்ந்த நர்ஸும் சத்தியத்துக்குச் சேர்ந்த நர்ஸும் மாற்றிய கட்டு ஒன்றுதான். முதல் நாள் யாருக்கு என்பதை, யார் முதலில் தைத்து முடிக்கிறார்களோ அவர்கள் தீர்மானிக்கட்டும். கூடலூர்க்காரர்கள் அளவெடுக்க வாருங்கள்.

கேத்தியிலிருந்து: பர்மா முனையில் இந்தச் சாம்பல் கவுனோடுதான் சேற்றில் நடந்தார்களா?

இல்லை. காட்டில் காக்கிக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும்தான். பொழுது சாய்ந்தால் கைகளை இறக்கிப் பொத்தான் போட்டாக வேண்டும், கொசுவுக்காக. மலேரியாவுக்குத் தின்ற மெபாக்ரின் மாத்திரையால் தோலே மஞ்சளாகிவிடும். முகத்துக்கு ரோஸ் பவுடர் பூசுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். பதக்கப் பிரியர்களுக்கும் ஒன்று: பர்மா ஸ்டார் அறிவிக்கப்பட்டது 1945-இல். 1944 காட்சியில் அதைக் குத்திக்கொண்டு வராதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: கவுன் போட வீட்டில் சம்மதிக்கவில்லை. சேலையில் நடிக்க வழி உண்டா?

உண்டு. 1942-இல் அமைந்த பெண்கள் துணைப்படையில் காக்கிச் சேலை கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் நர்ஸ்கள் அல்லர். எழுத்து வேலை, தொலைபேசி போன்றவை. நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் உங்களை உட்கார வைக்கிறேன்.

ஊட்டி ஆண்கள் சிலர்: எங்களுக்கு வேலை?

ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வேண்டும். இந்திய ராணுவ மருத்துவப் படை 1943 ஏப்ரலில் உருவானது. அதன் நர்ஸிங் ஆர்டர்லிகள்தான் வார்டைத் தாங்கினார்கள். இன்றைய ராணுவத்தின் புள்ளி போட்ட உடையை மட்டும் மாட்டிக்கொண்டு வராதீர்கள். படைவீரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அதை அணிவது குற்றம். வெலிங்டன் ராணுவ எல்லைக்குள் அனுமதி இல்லாமல் படமும் எடுக்காதீர்கள்.

குன்னூரிலிருந்து: தலைத்துணியில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புச் சிலுவை?

இல்லை. இல்லை.

கோத்தகிரியிலிருந்து ஒரு பேத்தி: எங்கள் பாட்டி போரில் நர்ஸாக இருந்தார். ஒரே ஒரு படம் இருக்கிறது. தோள்பட்டையில் இரண்டு நட்சத்திரம் தெரிகிறது. எந்த வருடம் என்று சொல்ல முடியுமா?

அம்மா, இதை முதலிலேயே அனுப்பியிருக்கக் கூடாதா! இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட். இந்திய ராணுவ நர்ஸ்களுக்கு அதிகாரி அந்தஸ்து கிடைத்தது 1943 செப்டம்பர் அவசரச் சட்டத்தால். ஆகவே படம் அதற்கு முன் எடுத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அட்டையின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஊர் தெரிந்துவிடும். கேப் ஓரத்தில் பட்டை இருக்கிறதா, பேட்ஜ் எந்தப் பக்கம், கைக்கடிகாரம் கட்டியிருக்கிறாரா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதுங்கள். படச் சட்டத்திலிருந்து பிடுங்காமல் நல்ல வெளிச்சத்தில் ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து அசலை லாமினேட் செய்துவிடாதீர்கள்.