நிலக்கரியும் ராத்திரி மோட்டாரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டப் பச்சை நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை எழுதிவிட்டு, கடைசியில் 'கரி மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது.

நான் 2012-ல் ப்ளஸ் டூ படித்தவன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. சிம்னி விளக்கில் கணக்குப் போட்டோம். கரண்ட் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஓசூர் பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. 'பசுமை வண்டி' என்று விளம்பரம் போடுகிறோம். அது கரியில்தான் ஓடுகிறது என்று எங்களுக்கே தெரியும்.

வெள்ளைக்காரன் இருநூறு வருடம் கரியை எரித்துப் பணக்காரன் ஆனான். இப்போது நமக்குப் புத்தி சொல்கிறான். நம் நாட்டில் கரி இருக்கிறது, தோண்டுகிறோம், ஏழை மாநிலங்களில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. இதில் என்ன தப்பு? சோலார் ராத்திரியில் எரியுமா? உங்கள் வீட்டு மாடியில் பேனல் இருக்கிறதா? இன்னொன்று. நம் பக்கம் மலை மலையாக அறுத்து கிரானைட் ஏற்றுகிறார்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுதாத நீங்கள் கடலூர் மாவட்டத்துக்குப் போய்க் கண்ணீர் விடுவது ஏன்?

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? அந்த வரி அவசரத்தில் எழுதியது. நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, இழப்பீடும் கொடுத்தாகிவிட்டது என்று சுரங்கம் நடத்துகிற என்.எல்.சி. நிறுவனம் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். பயிர் நிற்கும்போதா வாய்க்கால் வெட்டுவார்கள்? அந்தக் கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் இருக்கிறது, வரியை மட்டும் திருத்திக்கொள்கிறேன். புதிதாக ஒரு சுரங்கமும் வேண்டாம். இருக்கிற சுரங்கங்களை இன்றைக்கோ நாளைக்கோ மூட முடியாது. இப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் திட்டுவார்கள், தெரியும்.

கரி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை நம் தர்மபுரிப் பக்கம் மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றால் பார்க்கலாம். சேலம் பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போது கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாக ஊர்ந்து போகும். கிட்டத்தட்ட அறுபது பெட்டி, மேலே மூடி கிடையாது. போனபிறகு பெஞ்சில் கையை வைத்தால் விரலில் கருப்பு ஒட்டும். ஒடிசாவில் தால்ச்சர் பக்கம் தோண்டி, பாரதீப் வரை ரயிலில் வந்து, கப்பலில் எண்ணூர் வந்து, மறுபடி ரயிலேறி மேட்டூருக்குப் போகிற சரக்கு. தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி உண்டே தவிர, இந்தக் கருப்புக் கரி நம்மிடம் இல்லை. நம் நாட்டுக் கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய பகுதியில் 210 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. ஒன்று முழு மூச்சாக ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட், அதாவது 3,500 டன். நாம் பார்த்த அந்த அறுபது பெட்டியும் ஒரே ஒரு இயந்திரத்தின் ஒரு நாள் சாப்பாடு. இதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகத் திரும்பி வரும். சிமெண்டுக்கும் செங்கல் அறுக்கவும் போனது போக மிச்சம் குட்டையில் தேங்கும். 600 மெகாவாட் புதிய இயந்திரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

உங்கள் ஸ்கூட்டருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால், எல்லாம் கரி மின்சாரமாக இருக்கும் பட்சத்தில், இரண்டரைக் கிலோ கரி. உங்கள் கம்பெனி இதை விளம்பரத்தில் போடாது.

வெள்ளைக்காரன் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. லண்டன் ஹோல்பர்னில் 1882-ல் கரியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது 2024 செப்டம்பர் 30-ம் தேதி. 142 வருடம் எரித்துவிட்டு, இரும்பையும் துணியையும் மற்ற நாடுகளில் செய்யச் சொல்லிவிட்டு, பிறகு மூடினார்கள். இன்றைக்கும் ஒரு அமெரிக்கர் வருடத்துக்கு வெளியேற்றும் கார்பன் நம்மவர் ஆறேழு பேர் வெளியேற்றுவதற்குச் சமம். ஆகவே அவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக நாம் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

வேலை என்று சொன்னீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். போன வருடம் ஓசூர் சிப்காட் பக்கம் டீக்கடையில் ஒரு பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். தன்பாத்காரன், ஜார்க்கண்டில் கரி தோண்டுகிற ஊர். ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்து வந்தவன். அந்த வண்டியும் மொரப்பூர் வழியாகத்தான் போகிறது. கரி எந்தத் தண்டவாளத்தில் வருகிறதோ அதே தண்டவாளத்தில் கரி ஊர்ப் பையன்களும் வருகிறார்கள். ஊரில் சுரங்க வேலை கிடைக்காதா என்று கேட்டேன். அப்பாவுக்கு இருந்தது, எனக்கு மிஷின் வந்துவிட்டது என்றான் அரைகுறைத் தமிழில். அவன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜாரியா. அங்கே மண்ணுக்கடியில் கரி 1916-லிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகத் தோண்டிய ஊர், தன் பிள்ளைக்குச் சோறு போட முடியாமல் ஓசூருக்கு அனுப்புகிறது. நம் ஊர்ப் பையன்கள் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போவதை நாம் வறட்சியின் கணக்கில் எழுதுகிறோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, 'சோலார் ராத்திரியில் எரியுமா' என்ற கேள்விக்கு வருகிறேன். எரியாது. ஆனால் ராத்திரியில் எதற்காகக் கரண்ட் செலவாகிறது என்று யாராவது கேட்டார்களா?

பாலக்கோட்டுப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். தக்காளி போடுவார். நீங்கள் ப்ளஸ் டூ படித்த அதே வருடங்களில் அவருக்கு மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வருவது ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி. வீட்டில் சிங்கிள் பேஸ் விளக்கு மங்கலாக எரியும். மோட்டார் கொட்டாயில் ஒரு குண்டு பல்பு மாட்டி வைத்திருந்தார். திண்ணையில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். த்ரீ பேஸ் வந்தால் அது எரியும்படி பக்கத்துக் கொட்டாய்க்காரர் ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார். பல்பு எரிந்ததும் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் தடி. வரப்பில் தடியைத் தட்டிக்கொண்டே போவார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பும் தடியால் ஒரு தட்டு. ஒருமுறை உள்ளே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஆழத்தில் மோட்டார் உறுமும். தண்ணீர் வர மூன்று நிமிஷம் ஆகும். வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி காத்திருப்பு.

அது ஏன் ராத்திரி என்று அப்போது நான் யோசித்ததில்லை. பின்னால்தான் புரிந்தது. அனல்மின் நிலையத்தின் கொதிகலனை வீட்டு அடுப்பு மாதிரி நினைத்த நேரத்தில் அணைத்து நினைத்த நேரத்தில் பற்றவைக்க முடியாது. பாதிக்குக் கீழே இறக்குவதே பெரிய பாடு. ராத்திரியில் ஊர் தூங்கும், ஆலை குறையும், கொதிகலன் எரிந்துகொண்டே இருக்கும். அந்த மின்சாரத்தை எங்கேயாவது தள்ள வேண்டும். கேள்வி கேட்காமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. என் சித்தப்பாவைக் கரியின் வசதிக்காகத்தான் எழுப்பினார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். நடுப்பகலில் சோலார் கொட்டுகிறது, அந்த நேரம் அனல்மின் நிலையங்களை இறக்க முடியாமல் தவிக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பற்றாக்குறை. இதற்குப் பேட்டரி வேண்டும், பேட்டரிக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று உடனே பேட்டரிக்குத் தாவுகிறார்கள். பேட்டரி வேண்டும்தான். அதற்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. செடிக்கு எப்போது தண்ணீர் விட்டாலும் குடிக்கும். விளக்கையும் விசிறியையும் பகலுக்கு மாற்ற முடியாது, மோட்டாரை மாற்றலாம். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை ஒழுங்கான த்ரீ பேஸ் தருகிறோம், ராத்திரி தரமாட்டோம் என்று சொன்னால் எந்த விவசாயி சண்டைக்கு வரப்போகிறார்? நம் பக்கம் போர்க்கிணறு ஆயிரம் அடிக்கு மேல் போய்விட்டது. கம்ப்ரசர் போட்டு விட்டு விட்டுத்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையில் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, சொட்டுநீரில் விடுகிறார்கள். தர்மபுரி விவசாயிக்குப் பேட்டரி என்றால் அந்தக் குட்டைதான்.

ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் அரசே இதைச் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 400 மெகாவாட், 1980-களிலிருந்து. 2013-லிருந்து நமக்கு வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரும் காவிரியிலிருந்து மேட்டுக்கு ஏற்றுகிற தண்ணீர்தான். மேலே தொட்டியைப் பெரிதாகக் கட்டினால் அதிலும் பெரும்பகுதியைப் பகலில் ஏற்றலாம்.

வயலுக்கு வயல் பேனல் வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மானியத்தில் கிடைக்கிற சோலார் பம்ப் கிணற்றுக்கு நல்லது. ஆயிரம் அடி போரிலிருந்து இழுக்க அது பற்றாது. இழுத்தாலும் ஆபத்து. வெயில் ஓசி, மோட்டார் ஓடட்டும் என்று விட்டால் நிலத்தடி நீருக்குக் கணக்கே இருக்காது. துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் பேனல் வைத்து விவசாய ஃபீடரில், அதாவது மோட்டார்களுக்கான தனி மின்பாதையில், பகலில் கரண்ட் விடுவதும், போருக்குப் போர் மீட்டர் வைப்பதும்தான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டணம் வாங்க அல்ல, எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரிந்துகொள்ள. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். 1970-களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் மின்கட்டணப் போராட்டத்தில் குண்டடிபட்டுச் செத்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர். "மீட்டர்னு சொல்லிக்கிட்டு எவனும் என் கொட்டாய்ப் பக்கம் வரக்கூடாது, நீ உட்பட" என்றார். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமான மின்சாரம். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற அவர் பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சோலாருக்கும் நிலம் வேண்டும் என்பதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர். நம் பக்கத்து மேட்டாங்காட்டில் அப்படி வேலி போட்டால் ஆடு மேய்க்கிறவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் பேனலைக் கழற்றினால் கீழே மண் இருக்கும். நெய்வேலியில் அப்படி இல்லை. சுரங்கத்துக்குள் தண்ணீர் பொங்கிவிடாமல் இருக்க நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றியிருக்கிற ஊர்களில் போர் இறங்கிக்கொண்டே போகிறது என்று விவசாயிகள் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். புதிய சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் புகையைவிட இந்தத் தண்ணீர்தான் பெரிய காரணம். தர்மபுரிக்காரனுக்கு வேறெப்படி யோசிக்க வரும்?

மாடியில் பேனல் இருக்கிறது, மூன்று கிலோவாட். 78,000 ரூபாய் மானியம் வந்தது. பேனல் மாட்ட இரண்டு நாள், மீட்டர் மாற்ற நாலு மாதம். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன், இன்னும் அங்கே வேலை இருக்கிறது. அந்த நாலு மாதமும் என் மாடிக் கரண்ட் கணக்கில் வராமல் போனது. ராத்திரி விசிறி இன்றைக்கும் மேட்டூர்க் கரியில்தான் சுற்றுகிறது, மறைக்கவில்லை.

கடைசியாக, கிரானைட். நீங்கள் குத்தியது சரியான இடத்தில்தான். வேறு மாவட்டத்துச் சுரங்கத்தைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். இங்கே குவாரி லாரி ஓட்டுகிறவர்கள் என் கூடப் படித்தவர்கள், கல் உடைக்கிற இடத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், வேறு நியாயம் இல்லை. அடுத்த மாதம் எழுதுகிறேன். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், உங்கள் ஊர்ப் பக்கத்து குவாரிகளைச் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். உங்கள் ஸ்கூட்டரிலேயே போவோம், சார்ஜ் போட்டு வைத்திருங்கள்.