பாலைவனக் கதையில் யார் யாரை வாழவிடலாம்?

கேள்வி: நண்பர்கள் நாலு பேருக்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) நடத்தப் போகிறேன். கதை முழுக்கப் பாலைவனம். கதாபாத்திரங்களுக்கென்று விதிநூலில் உள்ள எல்லாக் கற்பனை இனங்களையும் விடலாமா, சிலவற்றைத் தூக்கிவிடவா? – யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

சிலதைத் தூக்கத்தான் வேண்டும். இதே ஆட்டத்துக்கென்று 1991இல் வந்த ‘டார்க் சன்’ பாலைவன உலகத்தில் முரட்டு ஓர்க், குள்ள உருவ னோம் எல்லாம் ஏற்கனவே அழிந்துபோன இனங்கள். அந்தத் துணிச்சல் உங்களுக்கும் வேண்டும். ஆனால் தோல் மணல் நிறமா என்று பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். இவர்களுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லாத இனம் வேண்டாம்.

பல்லி மனிதர்களை விதிநூல் சதுப்பு நிலத்தில் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ அவர்கள் பாலைவனத்துக்கே பொருத்தம். வீட்டுச் சுவரில் பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அதுதான் அதன் சிறுநீர். கழிவைக் கிட்டத்தட்டக் கட்டியாகவே வெளியேற்றுவதால் தண்ணீர் மிச்சம். பறவைகளுக்கும் இதே வசதி உண்டு. ஆனாலும் பறக்கும் பறவை மனிதரான ஆராகோக்ராவை ஆட்டக்காரர் கையில் கொடுக்காதீர்கள். மூன்று நாள் நடைத் தூரம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

சின்ன உருவக் கோபோல்ட்டும் நிலத்தடியில் வாழும் எல்ஃப் இனமான ட்ரோவும், இந்த ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளில், வெயிலில் தடுமாறுவார்கள். பரவாயில்லை, பாலைவனத்துச் சின்ன விலங்குகள் பலவும் பகலில் வளைக்குள் கிடந்து இரவில்தான் வெளியே வருகின்றன. டிராகன் சாயல் மனிதரான டிராகன்போர்னில் செந்நிறத்தவருக்கு நெருப்பைத் தாங்கும் உடம்பு என்பதால் கடும் வெக்கைக்கான பகடைச் சோதனையில் தானாகவே தப்பிவிடுவார். தாகம் மட்டும் அவரையும் விடாது.

மலைக்குள் வாழும் குள்ளர் இனமான ட்வார்ஃப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். கனத்த கவசத்தோடு வெக்கையில் நடந்தால் பகடை அவருக்கு எதிராகத்தான் விழும். ஆனால் கல்லை வெட்டத் தெரிந்தவர் அவர். கிணறு தோண்டியவர்களே அவர்கள்தான் என்று வையுங்கள். ஆறு பார்த்து வளராத நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் தோட்டங்களில் பங்குக் கிணறு இருக்கிறதல்லவா, அதே முறைதான்: தோண்டியவருக்கு விடியப்புற முறை, நாடோடி எல்ஃப் கூட்டத்துக்கு அந்திமுறை, பல்லி மனிதருக்குப் பங்கு சிறியது. ஒருநாள் எல்ஃப் கூட்டம் முறை மாறி இறைத்துவிட்டால் இரண்டு மாதத்துக்குப் போதுமான கதை தானாக வந்துவிடும். இந்த வரிசையில் இடமில்லாத இனத்தை யோசிக்காமல் வெட்டுங்கள்.

செய்து உயிரூட்டப்பட்ட இயந்திர மனிதரான வோர்ஃபோர்ஜ்டுக்கு உணவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நாலு பேரும் அதையே கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், கிணற்றுக் காவல்காரனாக. குடிக்காதவனை நம்பித்தானே தண்ணீரை ஒப்படைக்கலாம்!

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு மந்திரத்தில் கோட்டை விடாதீர்கள். வெக்கையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு கேலன், அதாவது சுமார் ஏழரை லீட்டர் தண்ணீர் வேண்டும். நாலு பேருக்கு எட்டு கேலன். ஆட்டத்தின் தொடக்கமான முதல் நிலையில் இருக்கும் குருவே தண்ணீர் வரவழைக்கும் மந்திரத்தால் ஒரே தடவையில் பத்து கேலன் நிரப்பிவிடுவார். அதை நீக்குங்கள், அல்லது அரிய பொருள் ஏதாவது செலவாகும்படி மாற்றுங்கள். எதுவானாலும் கதாபாத்திரம் உருவாக்கும் அன்றே சொல்லிவிடுங்கள், நடுவில் பறித்தால் மேசையிலேயே சண்டை வரும்.