பெட்ரோல் வழியில் கெட்டுப்போவதில்லை

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். ஒரு மாவட்டத்தின் ரத்தச் சேகரிப்பு மையங்களிலிருந்து சாம்பிள்களை நகரத்துப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவரும் வண்டிகள் எந்த வழியில் சென்றால் மொத்தத் தூரமும் எரிபொருள் செலவும் மிகக் குறையும் என்பது என் தலைப்பு. துறையில் தூய கணிதம் செய்பவர்கள் இதைக் கணிதமாகவே மதிப்பதில்லை. வண்டிக்கு வழி சொல்ல முனைவர் பட்டம் எதற்கு என்று கருத்தரங்கில் ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. ட்ரோன் வந்துவிட்டால் உன் ஆய்வு செல்லாது என்கிறான் தம்பி. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். இப்படிப்பட்ட ஆய்வைத் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா? இதையெல்லாம் விட்டுவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் பழைய பரிசோதனை அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான் வேறு கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு உட்கார்ந்தேன்.

சிரித்தவர்களுக்கு ஒரு பதில் போதும். எர்லாங் என்பவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்குப் போட்டவர். 1909இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய ஒரு முழுத்துறை முளைத்தது. ட்ரோனும் ஒரு வண்டிதான், அதற்கும் யாராவது வழி சொல்ல வேண்டும் என்று தம்பியிடம் சொல்லுங்கள். தமிழில் எழுதுவதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. நான்கு ஆண்டு உழைப்பை விவரிக்கும் கடிதத்தில் தூரம் வருகிறது, எரிபொருள் வருகிறது. நேரம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

உங்கள் கணக்கு பிறந்த இடம் 1959இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர் எழுதிய கட்டுரை. ஒரு பெட்ரோல் கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்க்குகளுக்கு லாரிகள் எப்படிப் போனால் மொத்தத் தூரம் குறையும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு அது சரியான கேள்வி. பெட்ரோல் வழியில் கெட்டுப்போவதில்லை. ரத்தம் அப்படியா? டியூபுக்குள் வந்த பிறகும் அதன் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, தின்றுகொண்டுதான் இருக்கின்றன. செல்களைத் தனியே பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். சர்க்கரைக்கென்று ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூப் இருப்பதே அதற்காகத்தான். பெட்ரோல் லாரியின் கணக்கை எடுத்து, லாரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மையங்கள். முதலாவதில் 40 டியூப்கள், இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5. பரிசோதனைக்கூடத்தில் கிளம்பி மூன்றையும் வரிசையாகத் தொட்டுத் திரும்பி வருகிறது வண்டி. ஒவ்வொரு கட்டமும் 30 நிமிடம். முதல் மையத்தின் 40 டியூப்களும் 90 நிமிடம் வண்டியில் இருக்கின்றன, அடுத்த 10 டியூப்கள் 60 நிமிடம், கடைசி ஐந்து 30 நிமிடம். டியூப்களை நிமிடங்களால் பெருக்கிக் கூட்டினால் 4350. இப்போது அதே வழியில் வண்டியைத் தலைகீழாக ஓட்டுங்கள். மூன்றாவது மையத்துக்கு முதலில் போய், 40 டியூப்கள் உள்ள மையத்துக்குக் கடைசியாக வரட்டும். கூட்டுத்தொகை 2250. ஏறக்குறையப் பாதி! தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. உங்கள் சமன்பாட்டுக்கு இந்த இரண்டு பயணமும் ஒன்றேதான். பழுது பார்ப்பவர் வீடு வீடாகப் போகும்போது காத்திருப்பவர்களின் மொத்த நேரத்தை எப்படிக் குறைப்பது என்று உங்கள் துறையிலேயே ஒரு பழைய கணக்கு உண்டு. அதைத் தொடாமல் நான்காம் ஆண்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் நெறியாளரையும் சேர்த்துத்தான் கண்டிக்க வேண்டும்.

ஆனால் அந்த 2250க்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு டியூபுக்குச் சராசரி 79 நிமிடமாக இருந்தது 41 ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்றாவது மையத்தின் ஐந்து டியூப்களைப் பாருங்கள். 30 நிமிடத்தில் வந்துகொண்டிருந்தவை இப்போது 90 நிமிடம் ஊர் சுற்றுகின்றன. சராசரி இறங்கிய அதே நாளில் அந்த ஐந்து பேருக்கு மூன்று மடங்கு ஏறியிருக்கிறது.

என் அம்மா அந்த ஐந்து பேரில் ஒருத்தி.

சிறுநீரகக் கோளாறு அவளுக்கு. ஊர் சின்னது. கடந்த ஆண்டு சித்திரையில் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான் ஒரு பையன். அம்மா காபி கொடுத்தாள். குடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தவன், வெயில் கடுமையாக இருக்கும் என்று சொல்லி இன்னொரு ஐஸ் பொட்டலத்தை எடுத்து அம்மாவின் டியூபை ஒட்டி வைத்தான். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெட்டி அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றி நகரத்தை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி.

இரவு ஒன்பதரைக்குத் தொலைபேசி வந்தது. பொட்டாசியம் 6.2, உடனே கிளம்புங்கள் என்றார்கள். அந்த அளவுக்கு ஏறினால் இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம். வாடகைக் காரில் 60 கிலோமீட்டர். அம்மா என் கையைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாள். ஏறுவதற்கு முன் வளையல்களைக் கழற்றி என் மனைவியின் கையில் வைத்திருக்கிறாள். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஈசிஜி சீராக இருந்தது. அங்கேயே மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 4.6. ஒன்றுமே இல்லை. செல்களுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்திருக்கும் இயக்கம் குளிரில் ஓய்ந்துவிடும், மணிக்கணக்காக ஐஸில் கிடந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும் என்று பணியில் இருந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரையைக் காக்கிற குளிர் பொட்டாசியத்தைக் கெடுக்கிறது, எம். இரண்டும் ஒரே பெட்டியில்தான் பயணம் செய்கின்றன. உங்கள் ஆய்வேட்டில் அந்தப் பெட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

டியூபை வேகமாகச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ் அந்த ஊரில் இருந்திருக்கலாம். ரத்தம் உறைந்ததும் மஞ்சள் மூடி டியூபைச் சுழற்றியிருந்தால், செல்கள் டியூபுக்குள் இருக்கும் ஜெல்லுக்குக் கீழே தங்கி, சீரம் என்கிற தெளிந்த நீர் மேலே தனியாக நின்றிருக்கும். வண்டி மூன்று மணிக்கு வந்திருந்தாலும் அம்மாவின் பொட்டாசியம் 4.6 ஆகவே இருந்திருக்கும். எந்த மையத்துக்கு அந்தக் கருவியை வாங்கித் தருவது, எந்த மையத்துக்கு வண்டியைத் தாமதமாக அனுப்பலாம், மிக அதிகமாகக் காத்திருக்கும் டியூப் எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம் என்று மூன்றையும் சேர்த்துத் தீர்மானிப்பது, தூரத்தைக் குறைப்பதைவிடப் பல மடங்கு கடினமான கணக்கு. அதைச் செய்யுங்கள். சிரித்தவர்களுக்குப் பதில் சொல்வதற்காக அல்ல. அந்த மூன்றாவது மையத்துக்காகச் செய்யுங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாவட்டத்தில் மிகக் குறைந்த டியூப்கள் வரும் மையம் எது என்று பார்த்து, ஒரு நாள் காலை அங்கே போய் நில்லுங்கள். முதல் டியூப் எத்தனை மணிக்கு நிறைந்தது, பெட்டி எத்தனை மணிக்கு வண்டியில் ஏறியது, நகரத்தில் எத்தனை மணிக்கு அதைத் திறந்தார்கள் என்று மூன்று எண்களைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். வங்கித் தேர்வைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்