நகரம் வளர வளர தெருக்களின் இணைப்பு ஏன் குறைகிறது?

தெருக்கள் பெருகியும் ஏன் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று கேட்கிறீர்கள். தெருக்களின் எண்ணிக்கை வேறு, அவை ஒன்றோடொன்று சேர்வது வேறு.

ஒரு சந்திப்பில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால் எந்தப் பக்கமும் போகலாம். ஒன்றே என்றால் முட்டுச்சந்து. 1811-இல் திட்டமிட்ட, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியின் கட்டம் கட்டமான தெருக்கள் பெரும்பாலும் முதல் வகை. 1929-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் உருவான ராட்பர்ன் என்ற குடியிருப்பு, குழந்தைகளைக் கார்களிடமிருந்து காக்க முட்டுச்சந்துகளை அமைத்தது. கூடவே நடப்பவர்களுக்குத் தனிப் பாதையும் போட்டது. பின்னால் வந்த பல புறநகர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு பாதையை விட்டுவிட்டன. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது: பின்சுவர்கள் ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகள், ஆனால் வாசலுக்கு வாசல் போக ஒரு கிலோமீட்டர்.

நகர ஓரத்தில் நிலம் துண்டு துண்டாகத்தான் மனையாகிறது. அவரவர் தம் மனைப்பிரிவை மட்டும் வரைகிறார்கள். பக்கத்து நிலத்தோடு சேர்ப்பது யார் வேலையும் இல்லை.

சரி, போக்கு திரும்புமா? அமெரிக்காவில் இணைப்புக் குறைந்த தெருக்களைப் போடும் போக்கு 1990-களின் நடுவில் உச்சம் தொட்டது. அப்புறம் போடப்பட்ட தெருக்கள் மெல்ல மேம்பட்டன. பழையவை அப்படியே நிற்கின்றன. கட்டிடத்தை இடித்துக் கட்டலாம், தெரு போகும் வழியை மாற்றுவது அரிது. அதனால் மனை பிரிக்கும் முன்பே இணைப்புச் சாலைகளைக் குறித்துவிட வேண்டும்.