கடை வைஃபைக்கு போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைப்பது ஆபத்தா?

காரைக்குடியில் பழைய வீட்டிலேயே பலகாரக் கடை. பில்லிங், சிசிடிவி, வாடிக்கையாளர் எல்லாம் ஒரே வைஃபையில், பாஸ்வேர்டு கடை போன் நம்பர் என்கிறீர்கள். ஆபத்துதான். இந்தப் பக்கம் கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில், இதே கதையைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

டபிள்யூபிஏ2 என்கிற வைஃபை பாதுகாப்பு முறையில், ஒரு போன் வைஃபையில் சேரும் அந்த நொடியில் பரிமாறப்படும் தகவலைத் தெருவில் பைக்கை நிறுத்திக்கொண்டே ஒருவர் பிடித்துக்கொள்ளலாம், அப்புறம் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ரௌட்டருக்குத் தெரியவே தெரியாது. நம் மொபைல் எண்கள் 6 முதல் 9-க்குள் தொடங்கும் பத்து இலக்கம், ஆக மிஞ்சிப்போனால் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு சில மணி நேரத்தில் முடித்துவிடும். உங்கள் நம்பர் முறுக்குப் பாக்கெட்டிலேயே இருக்கிறது, அந்தச் சிரமமும் வேண்டாம்! சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். ரௌட்டரில் அதற்கு அடுத்த முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது, இப்படிப் பிடித்துக்கொண்டு போய் ஊகிக்கிற வழி அதில் இல்லை. பழைய பில் பிரிண்டர் மட்டும் சேராமல் அடம்பிடிக்கலாம்.

சரி, அடுத்தது எக்ஸ்டெண்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்கு நீட்டும் பெட்டி. நம் வீட்டுச் சுவர் கனத்துக்கு முகப்பில் இருக்கும் சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போகாது, உடனே கிடைத்த விலைக்கு ஒன்றை வாங்கிச் செருகிவிடுகிறார்கள். அதில் அட்மின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே கிடக்கும், பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனோ பின் நம்பரோ கொண்டு இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியும் திறந்திருக்கும். டபிள்யூபிஎஸ்ஸின் எட்டு இலக்க பின் பாதி பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே அம்பலமான விஷயம். முதல் வேலையாக அதை அணையுங்கள். முடிந்தால் வளவு ஓரமாக லேன் கேபிள் இழுத்துப் பின்கட்டில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணைப்பை அங்கே வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். சுவரில் துளை போட ஆச்சி சம்மதிக்க மாட்டார்கள், கதவு நிலையை ஒட்டியே கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வாடிக்கையாளருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க். வருகிறவர்களைத் திண்ணையோடு நிறுத்துகிற மாதிரிதான், இணையம் கிடைக்கும், பில்லிங் கணினி கண்ணில் படாது. வேலை பார்க்கும் பையன்களின் போன்களும் அதிலேயே இருக்கட்டும், யாராவது நின்றுவிட்டால் கெஸ்ட் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். கேமராவோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.