வனக்குழுவில் கையெழுத்துப் போடலாமா? பட்டாவுக்குப் பணம் கொடுக்கலாமா?

ஈரோடு மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊரில் 52 குடும்பம். சோளகர் 43 வீடு, மலையாளி 9 வீடு. தேன், கல்பாசி, நெல்லி, சீமாறு புல் எடுத்துத்தான் பிழைப்பு. வனத்துறையினர் வந்து, வனக்குழு அமைக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள், அதுதான் உங்கள் உரிமை என்கிறார்கள். இன்னொருவர் வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தால் பட்டா வாங்கித் தருகிறேன் என்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் கொடுத்த மனு என்ன ஆனதென்றே தெரியவில்லை. யாரை நம்புவது?"

முதலில் அந்த 5,000 ரூபாய். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். வன உரிமைச் சட்டத்தில் விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது; படிவம் உங்கள் கைக்கு வரச் செய்வது கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் குழுவின் வேலை. இப்படிப் பணம் வாங்குகிறவர்களை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்குவார்கள், ஆதார் நகல் வாங்குவார்கள், அப்புறம் போன் எடுக்கமாட்டார்கள். அதைவிட மோசம், பட்டா வந்த பிறகு "குத்தகைக்கு எழுதிக் கொடு" என்று வருகிறவர்கள். இந்தப் பட்டாவை விற்கவோ வேறொருவர் பேருக்கு மாற்றவோ சட்டத்தில் இடமில்லை. வாரிசுக்கு மட்டும்தான் போகும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மனைவி பெயர் விடுபட்டால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

இனி வனக்குழு. இதில்தான் பெரிய குழப்பம். உங்கள் ஊரில் அமைக்கச் சொல்லும் குழு வனத்துறையின் குழு. அரசாணையால் வந்தது, இன்னொரு அரசாணையால் போய்விடும். தலைவராக ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். கணக்கும் கோப்பும் பெரும்பாலும் வனத்துறை அலுவலர் கையில். அதில் சேர்ந்து கூலி வேலை கிடைக்கிறதா, சேருங்கள், தப்பில்லை. ஆனால் அதை உங்கள் உரிமை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உரிமை வேறிடத்தில் இருக்கிறது. 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம் உரிமை கோரும் மனுக்களை வாங்கி, சரிபார்த்து, தீர்மானம் போடும் அதிகாரத்தை முதலில் கிராம சபைக்குத்தான் கொடுத்தது. சபை தன் ஆட்களிலிருந்தே 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். பழங்குடியினர் இருக்கிற ஊரில் அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வனவரோ ரேஞ்சரோ அதில் உறுப்பினர் கிடையாது.

எந்தக் கிராம சபை என்பதுதான் அடுத்த சிக்கல். ஊராட்சி என்றால் பல குக்கிராமங்கள் சேர்ந்தது. அங்கே கூட்டம் நடந்தால் கீழ்நாட்டு ஊர்க்காரர்கள்தான் நிறைய இருப்பார்கள். உங்கள் 52 வீட்டின் பேச்சு எடுபடாது. இந்தச் சட்டமோ பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத ஊர்களையும், கிராமமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கிராமம் என்றே சொல்கிறது. எனவே உங்கள் குடியிருப்புக்கென்று தனி கிராம சபை கூட்டித் தரும்படி ஊராட்சிக்கும் கோட்டாட்சியருக்கும் எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "கூட்டமே நடக்கவில்லை" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் வைக்க வேண்டிய முக்கியமான மனு சி படிவம். ஏ படிவம் தனிநபர் நிலத்துக்கு. பி படிவம் தேன், புல், மேய்ச்சல் போன்ற சமூக உரிமைகளுக்கு. சி படிவம் உங்கள் ஊர் வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டையே பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கு. தரகர்கள் ஏ படிவம் ஒன்றைத்தான் பேசுவார்கள். அதில்தான் அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. இரண்டு ஏக்கர் கைக்கு வரும், சுற்றியுள்ள காடு முழுக்க வனத்துறை உத்தரவில் இருக்கும் என்றால் கல்பாசி எடுக்க எங்கே போவீர்கள்?

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்தின் மெந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊருக்கு 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மேல் இந்த உரிமை கிடைத்தது. 2011-இல் மூங்கில் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகமே ஊர்க் கைக்கு வந்தது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று கிராம சபைகளிடமே கேட்கும்படி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை, கேட்டு வாங்கினால் கைக்கு வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சோளகர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். இனி 9 மலையாளி வீடுகள். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள்.) இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்தே ஊரை இரண்டாக்கிவிடுகிறார்கள். சேலத்தில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இந்த மக்கள் ஈரோட்டில் பட்டியலில் இல்லை. ஒரே பேச்சு, ஒரே சாமி, மாவட்ட எல்லை தாண்டினால் சாதிச் சான்றிதழ் கிடையாது. எத்தனை மனு, எத்தனை போராட்டம்! அதற்காக வன உரிமை இல்லாமல் போய்விடாது. பிற மரபுவழி வனவாசிகள் என்ற பிரிவில் அவர்கள் கேட்கலாம். அதற்கு 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். 1930-லிருந்து கணக்கு வரும். உடனே "1930 பத்திரம் கொண்டு வா" என்பார்கள். பத்திரம் வேண்டியதில்லை. அந்தக் குறிப்பிட்ட வயலை 75 வருடம் உழுததாகவும் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் (மனுதாரரே சாட்சியாக இருக்கக் கூடாது), வம்சாவளி, பழைய கிணறு, சுடுகாடு, கோயில், பழைய மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம், இவற்றில் எவையேனும் இரண்டு ஆதாரங்கள் வைக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்பதை மட்டும் காரணமாக்கித் தள்ள விதி இடம் தரவில்லை. சி படிவத்திலும் 52 வீடும் ஒரே கிராம சபையாகவே கேளுங்கள். சோளகர் தனி, மலையாளி தனி என்று பிரிந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

கள ஆய்வுக்கு வனத்துறையினர் வராமலே இழுத்தடிப்பார்கள். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்கள் வராவிட்டாலும் ஆய்வை நடத்துங்கள். வராமலிருந்து பின்னால் ஆட்சேபம் சொன்னால் மனு திரும்ப வரும்; இரண்டாம் முறையும் வராவிட்டால் கிராம சபை எடுத்த முடிவே இறுதி. 2012 திருத்த விதியில் இது இருக்கிறது. கேட்டால் தெரியாது என்பார்கள், கையில் நகல் வைத்திருங்கள்.

உங்கள் பழைய மனு. தமிழ்நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2008 முதல் உரிமைப் பத்திரம் கைக்கு வராமல் நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த 8 வருடம் போனதற்கே யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒரு மனு தூங்குகிறது என்றால் அது நீதிமன்றத்தால் அல்ல, அலட்சியத்தால். மனு எந்தக் குழுவில் (ஊரின் வன உரிமைக் குழுவிலா, கோட்டாட்சியர் குழுவிலா, அதற்கு மேலுள்ள மாவட்டக் குழுவிலா) நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு 10 ரூபாயில் எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்குழுவிடம் முறையிடலாம். எதுவுமே தெரிவிக்காமல் தள்ளியிருந்தால் அதுவே நல்ல முறையீட்டுக் காரணம்.

அதுவரை யாராவது "காலி செய்" என்று வந்தால் வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவைக் காட்டுங்கள்: சரிபார்ப்பும் அங்கீகாரமும் முடியும்வரை வெளியேற்றக் கூடாது. 2019 பிப்ரவரியில் மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே அதே மாதம் 28-ஆம் தேதி அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. முதல் உத்தரவை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த வனக்குழுத் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை வாங்கி, ஊரில் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.