ஆர்டிஓஎஸ்-இல் இன்டரப்ட் வந்தால் வேலையை ஐஎஸ்ஆருக்குள்ளேயே முடித்துவிடலாமா, டாஸ்க்கிடம் ஒப்படைக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால், ஃப்ரீஆர்டிஓஎஸ் (ஆர்டிஓஎஸ் எனப்படும், குறித்த நேரத்துக்குள் வேலை முடிப்பதற்கான சிறிய இயங்குதளங்களில் ஒன்று) ஓடும் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சென்சார் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று சொல்லும் சிக்னல்) வந்ததும் கணக்கு, டிஸ்பிளே, ரிலே எல்லாவற்றையும், ஆர்டிஓஎஸ் முறைவைத்து ஓட்டும் டாஸ்க் ஒன்றிடம் கொடுக்காமல், இன்டரப்ட் வந்தவுடன் ஓடும் ஃபங்ஷனான ஐஎஸ்ஆருக்குள்ளேயே எழுதியிருக்கிறீர்கள். மேசையில் ஒழுங்காக ஓடும் கருவி மெஷினில் மாட்டிய பிறகு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை உறைந்துபோகிறது. மதுரை செல்லூரில் ஒரு தறிப்பட்டறைக்கு, பாவு (தறியின் நீளவாக்கு நூல்) ஓட்டும் மெஷினில் பொருத்துவதற்காக நான் செய்து கொடுத்த நீளமானியும் இதே நோயில்தான் படுத்தது என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அந்த மெஷினின் டிரம் நிமிடத்துக்கு 300 மீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நூலை இழுக்கும். பெட்டிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. பல்சக்கரத்தின் அருகில் இருக்கும் பிராக்ஸிமிட்டி சென்சார் 5 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அதை எண்ணிக் குறித்த நீளத்தில் மெஷினை நிறுத்த வேண்டும். இடையில் ஏதாவது ஓர் இழை அறுந்தால் அந்தக் கணமே மோட்டாரைத் துண்டித்துப் பிரேக் போட வேண்டும். அறுந்த முனை டிரம்மில் சுற்றிப் புதைந்துவிட்டால் அதைத் தேடி எடுப்பது பட்டறையில் எல்லோரும் வெறுக்கும் வேலை. 20 மில்லிவிநாடி தாமதித்தால் 10 சென்டிமீட்டர் நூல் உள்ளே போய்விடும். ரியல் டைம் என்பதற்குப் பாடத்தில் படித்த விளக்கங்கள் எல்லாம் மறந்துவிட்டன. இந்த 10 சென்டிமீட்டர் மறக்கவில்லை.

இன்டரப்ட் வந்தவுடன் சிப் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கார்டெக்ஸ் எம்3 போன்ற பிராசஸர், ஓடிக்கொண்டிருந்த வேலையின் 8 ரிஜிஸ்டர்களைத் தானே ஸ்டாக்கில் அடுக்கிவிட்டு, எந்த இன்டரப்டுக்கு எந்த ஐஎஸ்ஆர் என்று சொல்லும் வெக்டர் அட்டவணையில் இருக்கும் முகவரிக்குத் தாவுகிறது. மெமரி காத்திருக்க வைக்காதபோது இதற்கு 12 கிளாக் ஆகும். 72 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மைக்ரோவிநாடியில் ஆறில் ஒரு பங்கு. ஆக, வன்பொருளின் தரப்பில் தாமதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நாம் எழுதும் நிரலும் நாம் வைக்கும் முன்னுரிமையும்தான் மில்லிவிநாடிகளைத் தின்கின்றன.

நான் செய்த முதல் பிழை சிறியது. துடிப்பு வரும்போதெல்லாம் ஐஎஸ்ஆருக்குள்ளிருந்தே 40 எழுத்துள்ள ஒரு வரியை சீரியல் போர்ட்டில் அச்சிட்டுக்கொண்டிருந்தேன். 115200 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோவிநாடி. 40 எழுத்துக்கு மூன்றரை மில்லிவிநாடி. அதுவரை அதே முன்னுரிமையில் இருக்கும் வேறு இன்டரப்ட் எதுவும் உள்ளே நுழைய முடியாது. அந்த சிப்பில் சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் யுஏஆர்டியில் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஒரு ரிஜிஸ்டர்தான் உண்டு. அதை எடுப்பதற்குள் அடுத்தது முழுமையாக வந்து சேர்ந்தால் ஓவர்ரன், ஓர் எழுத்து போய்விடும். டிஸ்பிளே பலகையிலிருந்து வரும் கட்டளைகள் அரைகுறையாக வந்ததற்குக் காரணம் இதுதான். அச்சிடும் வரியை எடுத்தவுடன் சரியாயிற்று.

இரண்டாவது பிழைதான் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. பட்டறைக்கார அண்ணன் இரண்டு நாளைக்கு ஒருமுறை, "தம்பி, உங்க பெட்டி மறுபடியும் தூங்கிப்போச்சு" என்று போன் செய்வார். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே சுவிட்சை அணைத்துப் போட்டிருப்பார், பெட்டி ஒன்றும் அறியாதது போல ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தில் வரும் இரைச்சல் என்று நினைத்துக் கேபிளை மாற்றினேன், எர்த் மாற்றினேன், மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் காயிலுக்கு, மின்முட்களை அடக்கும் ஸ்னப்பர் போட்டேன். எதுவும் தவறான வேலையில்லை. ஆனால் நோய் அங்கே இல்லை.

கார்டெக்ஸ் எம்-இல் எண் குறைந்தால் முன்னுரிமை கூடும். 0 தான் எல்லாவற்றுக்கும் மேல். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இலோ டாஸ்க்கின் முன்னுரிமைக்கு எண் கூடினால்தான் மதிப்பு. இந்த முரணே புதியவர்களைக் குழப்பப் போதும். இதற்கு மேல், கர்னல் (ஆர்டிஓஎஸ்-இன் மையப் பகுதி) தன் உள் டாஸ்க் பட்டியல்களைத் திருத்தும்போது பேஸ்பிரை என்ற ரிஜிஸ்டரில் ஓர் எல்லையை எழுதி, அந்த எல்லையிலும் அதற்குக் கீழும் உள்ள இன்டரப்ட்களை மட்டும் அடைத்து வைக்கிறது. எல்லை 5 என்று வைத்திருந்தால், 5 முதல் 15 வரையுள்ளவை ஐஎஸ்ஆருக்குள்ளிருந்து அழைப்பதற்கென்றே உள்ள கர்னலின் ஃப்ரம்ஐஎஸ்ஆர் வகை ஃபங்ஷன்களை அழைக்கலாம். 0 முதல் 4 வரையுள்ளவற்றைக் கர்னல் ஒருபோதும் தடுக்காது. அதற்கு ஈடாக அவை கர்னலின் எந்த ஃபங்ஷனையும் தொடக்கூடாது.

நானும் 5 என்றுதான் எழுதினேன். ஆனால் லைப்ரரி ஃபங்ஷனை விட்டுவிட்டு ரிஜிஸ்டரில் நேராக எழுதினேன். எஸ்டிஎம்32எஃப்103-இல் முன்னுரிமைக்கான 8 பிட்டில் மேல் 4 பிட்டுகளுக்கு மட்டுமே உயிர் உண்டு. கீழ் 4 பிட்டில் எதை எழுதினாலும் அது காற்றில் போய்விடும். 5 முழுவதும் கீழ் 4 பிட்டுக்குள் அடங்கிவிடுவதால் சிப்பின் கணக்கில் அது 0. எழுத வேண்டியது 80. ஆக, என் துடிப்பு இன்டரப்ட் உச்ச முன்னுரிமையில் உட்கார்ந்துகொண்டு, கர்னல் ஒரு டாஸ்க்கைப் பட்டியலிலிருந்து பட்டியலுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் பாதி வழியில் புகுந்து, டாஸ்க்குக்குத் தரவு அனுப்பும் வரிசையான கியூவில் தரவைப் போட்டு, அதே பட்டியலைத் தானும் திருத்தியிருக்கிறது. இரண்டும் ஒரே நொடித்துணுக்கில் மோதுவது அரிது என்பதால் மேசையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது அகப்படவில்லை. பட்டறையில் விநாடிக்கு 100 துடிப்பு வீதம் நாள் முழுதும் ஓடியபோது மாட்டியது.

கண்டுபிடித்ததில் என் திறமை ஒன்றுமில்லை. தவறு கண்டால் நிரலை அங்கேயே நிறுத்தும் கர்னலின் அசெர்ட் சோதனையை இடம் மிச்சம் பிடிப்பதற்காக நான் அணைத்து வைத்திருந்தேன். அதைத் திறந்தவுடன் முதல் துடிப்பிலேயே, இன்டரப்ட் முன்னுரிமையைச் சரிபார்க்கும் வரியில் நிரல் நின்றுவிட்டது. உங்கள் கருவியிலும் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் சிப் கார்டெக்ஸ் எம்0 ஆக இருந்தால் பேஸ்பிரை கிடையாது. அங்கே கர்னல் எல்லா இன்டரப்ட்களையும் அடைத்துவிடும், ஆகவே இந்த நோய் வராது, வேறு தாமதம் வரும்.

இனி உங்கள் நேர்க் கேள்வி. "ஐஎஸ்ஆரைச் சுருக்கமாக வை" என்று எல்லோரும் சொல்வார்கள். எதை உள்ளே வைப்பது என்பதை மெஷின் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. இழை அறுப்புக்கு நான் டாஸ்க்கை நம்பவில்லை. அந்த இன்டரப்டை முன்னுரிமை 1-இல் வைத்து, ரிலே பின்னை இறக்குவது, இன்டரப்ட் வந்ததைக் காட்டும் கொடியை (ஒரு பிட்) அழிப்பது, ஒரு வோலடைல் மாறியில் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படிக்கப்படும் மாறி) குறிப்பது என்ற மூன்றே வேலைகளைச் செய்ய விட்டேன். கர்னல் பக்கமே அது திரும்பாது. எந்த நேரத்தில் அறுந்தது, எத்தனையாவது மீட்டர், திரையில் என்ன காட்டுவது என்பதெல்லாம் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அந்த மாறியைப் பார்க்கும் டாஸ்க்கின் பாடு.

நீளத் துடிப்புக்கு இன்டரப்டையே எடுத்துவிட்டேன். சென்சாரை டைமரின் உள்ளீட்டில் கொடுத்தால், டைமர் தானே எண்ணும். அதன் டிஜிட்டல் ஃபில்டர் நுண்ணிய இரைச்சல் முட்களையும் விழுங்கிவிடும். 16 பிட் டைமர் 65,535 வரை எண்ணும் என்பதால் 5 சென்டிமீட்டர் வீதம் 3,200 மீட்டருக்கும் மேல் தாங்கும், ஒரு பாவுக்கு அது தாராளம். குறித்த எண் வந்ததும் ஒரே ஒரு கம்பேர் இன்டரப்ட்.

டிஸ்பிளேயிலிருந்து வரும் எழுத்துகள்தான் டாஸ்க்கிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட வேண்டியவை. ஐஎஸ்ஆர் எழுத்தை எடுத்து, நிரம்பினால் தொடக்கத்துக்கே திரும்பும் வட்ட பஃபரில் போடும். கட்டளை முடிந்தால் டாஸ்க் நோட்டிஃபிகேஷன் கொடுத்து டாஸ்க்கை எழுப்பும். இங்கே பலர் விடும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்: எழுப்பிய டாஸ்க் இப்போது ஓடுவதைவிட முக்கியமானது என்றால், ஐஎஸ்ஆரின் கடைசியில் ஈல்டு செய்ய (டாஸ்க்கை உடனே மாற்றச் சொல்ல) வேண்டும். அதை மறந்தால் டாஸ்க் அடுத்த டிக் (கர்னலின் கடிகாரத் துடிப்பு) வரை காத்திருக்கும். டிக் 100 ஹெர்ட்ஸ் என்றால் அது 10 மில்லிவிநாடி வரை போகும். இன்னொன்று, இன்டரப்ட் கொடியை ஐஎஸ்ஆரின் தொடக்கத்திலேயே அழியுங்கள். கடைசி வரியில் அழித்தால், கொடியை அழிக்கும் அந்தக் கட்டளை சிப்பின் உள் பஸ்ஸைக் கடந்து, இன்டரப்டை எழுப்பிய பெரிஃபெரலுக்குச் சேர்வதற்குள் பிராசஸர் வெளியே வந்து, அதே இன்டரப்டுக்குள் மறுபடி நுழைந்துவிடக்கூடும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நிரலைப் படித்துச் சொல்ல முடியாது. ஐஎஸ்ஆர் நுழையும்போது ஒரு பின்னை ஏற்றி, வெளியேறும்போது இறக்கி, ஸ்கோப்பில் பெர்சிஸ்டன்ஸ் (பழைய அலைகளையும் திரையிலேயே நிறுத்தி வைக்கும் வசதி) வைத்து அரை நாள் விட்டுவிடுங்கள். சராசரியை விட்டுவிட்டு, மிக அகலமான துடிப்பையே கணக்கில் எடுங்கள். என் பெட்டியில் இப்போது இழை அறுப்பு சிக்னல் பின்னுக்கு வந்ததிலிருந்து ரிலே பின் இறங்குவது வரை ஒரு மைக்ரோவிநாடியைத் தாண்டுவதில்லை. அதன்பின் கான்டாக்டர் விடுவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் ஆகும் நேரம்தான் மிச்சம், அதற்கு மென்பொருளில் மருந்தில்லை.